மைனஸ் 20 டிகிரியில் லாரி ஏன் ஸ்டார்ட் ஆகாது? லடாக் குளிரும் டீசலின் கதையும்

விடியற்காலை நேரம். லடாக்கின் திராஸ். சாலையோரம் வரிசையாக லாரிகள் நிற்கின்றன. முதல் லாரியின் டிரைவர் சாவியைத் திருப்புகிறார். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டாவது லாரியில் செல்ஃப் எடுக்கிறது, ஆனால் யாரோ கழுத்தைப் பிடித்து அமுக்குவதுபோல இழுத்து இழுத்துச் சுற்றி நின்றுவிடுகிறது. மூன்றாவது லாரி ஸ்டார்ட் ஆகி, வெள்ளைப் புகை கக்கி, இரண்டு நிமிடம் ஓடி, 'படக்' என்று அணைந்துபோகிறது.

மூன்று வண்டிக்கும் ஒரே குளிர்தான். ஆனால் மூன்று வண்டிக்கும் ஒரே நோய் இல்லை. முதல் வண்டியில் பேட்டரி. இரண்டாவதில் இன்ஜின் ஆயில். மூன்றாவதில் டீசல். குளிரில் டீசல் வண்டி கிளம்பாமல் போவதற்கு இப்படிப் பல காரணங்கள் ஒரே நேரத்தில் கைகோக்கின்றன. அதனால்தான் 'ஸ்டார்ட் ஆகல' என்ற ஒரே புகாருக்கு ஒரே மருந்து கிடையாது.

இது டிரைவர்களின் தலைவலி மட்டும் அல்ல. லடாக்கில் இருக்கும் மக்களுக்கும் அங்கே நிறுத்தப்பட்டிருக்கும் படைகளுக்கும் அரிசி, மருந்து, எரிபொருள் எல்லாம் பெரும்பாலும் போவது லாரியில்தான். லாரி நின்றால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ஏன் இது முக்கியம்?

முன்பெல்லாம் ஸ்ரீநகர் - லே நெடுஞ்சாலையில் இருக்கும் ஸோஜிலா கணவாய் குளிர்காலத்தில் ஐந்து, ஆறு மாதம் வரை மூடிக் கிடக்கும். கோடையில் சரக்கை ஏற்றிச் சேர்த்து வைத்துவிட்டு, குளிரில் சாலையை மறந்துவிடுவார்கள். சாலையே இல்லாதபோது லாரி ஸ்டார்ட் ஆனால் என்ன, ஆகாவிட்டால் என்ன?

அந்தக் கணக்கு மாறிவிட்டது. எல்லைச் சாலைகள் அமைப்பு பனியை அள்ளி வழிவிடும் வேகம் கூடிக்கொண்டே போகிறது. 2022-ல் 73 நாள்கள் மூடியிருந்த கணவாய், 2023-ல் 68 நாள், 2024-ல் 35 நாள், 2025-ல் 32 நாள் என்று திறக்கப்பட்டது. இந்தப் பக்கம் மணாலி வழியில் 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம் 2020 அக்டோபரில் திறக்கப்பட்டது. சோனமார்க் சுரங்கம் 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது.

சாலை அதிக நாள் திறந்திருக்கிறது என்றால், கடுங்குளிரில் அதிக லாரிகள் இரவில் நிற்கின்றன என்று அர்த்தம். சாலையைத் திறந்தது மண் அள்ளும் இயந்திரங்களும் சுரங்கங்களும். ஆனால் மறுநாள் காலையில் லாரியை நகர்த்துவது வேறு சமாச்சாரம்.

தேங்காய் எண்ணெய் உறைவதும் டீசல் உறைவதும்

மார்கழி மாதம் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது வெள்ளையாக இறுகிவிடும். டீசலிலும் நடப்பது கிட்டத்தட்ட இதேதான், வெப்பநிலைதான் வேறு.

டீசல் ஒரே பொருள் அல்ல. பலவகை ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் பாரஃபின் எனப்படும் மெழுகு வகையும் உண்டு. இந்த மெழுகு எரிவதற்கு அருமையானது. ஆனால் குளிர்ந்தால் முதலில் பிரிந்து வருவதும் இதுதான்.

இது மூன்று கட்டமாக நடக்கிறது. முதலில் டீசல் லேசாகக் கலங்கி, மேகம் படிந்த மாதிரி தெரியும். மெழுகுத் துகள்கள் உருவாகத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். வண்டி இன்னும் ஓடும். இன்னும் கொஞ்சம் குளிர்ந்தால் அந்தத் துகள்கள் டீசல் ஃபில்டரில் போய் அடைத்துக்கொள்ளும். டேங்க் நிறைய டீசல் இருக்கும், இன்ஜினுக்கு ஒரு சொட்டு போகாது. மேலும் குளிர்ந்தால் மொத்த டீசலும் கூழாகி, டேங்கைச் சாய்த்தாலும் நகராது. இதைத்தான் 'போர் பாயின்ட்' என்கிறார்கள், அதாவது டீசல் ஓடும் தன்மையை இழக்கும் நிலை.

மேலே சொன்ன மூன்றாவது லாரிக்கு வந்தது இரண்டாவது கட்ட நோய். ஃபில்டருக்கு அப்புறம் பைப்பில் மிச்சம் இருந்த டீசலில் இரண்டு நிமிடம் ஓடியது. அது தீர்ந்ததும் நின்றுவிட்டது. டிரைவர் 'பம்பு போச்சு' என்று நினைப்பார். உண்மையில் பம்பு பட்டினி கிடக்கிறது.

சமவெளி டீசல் மலைக்கு ஏன் ஆகாது?

இந்தியாவில் டீசலுக்கான தரநிலை ஐஎஸ் 1460. அதன்படி குளிர்காலத்தில் விற்கும் டீசலின் போர் பாயின்ட் அதிகபட்சம் 3 டிகிரி, கோடையில் 15 டிகிரி வரை இருக்கலாம். ஃபில்டர் அடைக்கும் வெப்பநிலைக்கு வரம்பு குளிர்காலத்தில் 6 டிகிரி, கோடையில் 18 டிகிரி.

கவனியுங்கள், இதெல்லாம் மைனஸ் அல்ல, பிளஸ். சென்னைக்கும் திருச்சிக்கும் இது தாராளம். ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரி இரவில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். ஆனால் இந்த வரம்பின் விளிம்பில் இருக்கும் டீசலை டேங்கில் நிரப்பிக்கொண்டு ஒரு லாரி காஷ்மீர் ஏறினால்?

லடாக் வரை போக வேண்டாம், ஸ்ரீநகரே போதும். 2024 டிசம்பர் 20-21 இரவில் அங்கே மைனஸ் 8.5 டிகிரி பதிவானது. சுமார் 50 ஆண்டுகளில் டிசம்பரின் மிகக் குளிரான இரவு அது. கோயம்பேடு வரைக்கும் வரும் காஷ்மீர் ஆப்பிள் பெரும்பாலும் லாரியில் வருவதுதான் வழக்கம். தேசிய பெர்மிட் வைத்திருக்கும் நாமக்கல் லாரிகள் வடக்கே எல்லா மாநிலங்களுக்கும் போகின்றன. சமவெளியில் ஃபுல் டேங்க் அடித்துக்கொண்டு மேலே போகும் வண்டிக்கு, அந்த ஃபுல் டேங்கே எதிரி ஆகிவிடும். மேலே கிடைக்கும் நல்ல டீசலை ஊற்ற டேங்கில் இடம் இருக்காது.

2019-ல் வந்த குளிர்கால டீசல்

இந்தப் பிரச்சினைக்காகத்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்கென்று தனியாக ஒரு டீசலைக் கொண்டுவந்தது. 2019 நவம்பர் 17 அன்று மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா காணொலி மூலம் இதைத் தொடங்கிவைத்தார். ஹரியானாவின் பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாராகும் இந்த டீசலின் போர் பாயின்ட் மைனஸ் 33 டிகிரி. பிஎஸ்-6 தரத்துக்கும் இது பொருந்தும்.

எப்படித் தயாரிக்கிறார்கள்? ரகசியம் ஒன்றும் இல்லை. குளிர்கால டீசலுக்கு உலகம் முழுக்க வழி ஒன்றுதான். கச்சா எண்ணெயைப் பிரிக்கும்போது, மெழுகு அதிகம் இருக்கும் கனமான பகுதியைக் குறைத்துவிடுவது, அல்லது மெழுகையே வேதிவினையால் மாற்றிவிடுவது. கூடவே, மெழுகுத் துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பெரிதாகாமல் தடுக்கும் ரசாயனத்தைக் கொஞ்சம் சேர்ப்பது. இந்த ரசாயனம் மெழுகைக் கரைப்பதில்லை, பெரிய கட்டியாக வளர விடாமல் வைத்திருக்கிறது, அவ்வளவே. அதனால்தான் டீசல் ஏற்கெனவே உறைந்தபிறகு இதை ஊற்றினால் பிரயோஜனம் இல்லை. குளிர வருவதற்கு முன்பே கலந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். 'மைனஸ் 33 டிகிரி டீசல்' என்று செய்தியில் படித்ததும், மைனஸ் 33 வரை வண்டி ஓடும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். போர் பாயின்ட் என்பது டீசல் அசையாமல் நிற்கும் கடைசி எல்லை. ஃபில்டர் பொதுவாக அதற்கு முன்பே அடைக்கத் தொடங்கிவிடும். ஐஎஸ் 1460 வரம்பிலேயே இரண்டுக்கும் 3 டிகிரி இடைவெளி இருப்பதைப் பார்க்கலாம். லேயில் மைனஸ் 20-ஐ ஒட்டிப் போகும் இரவுகளுக்கு இந்த டீசல் வசதியானதுதான். திராஸின் மிக மோசமான இரவுகளில் அந்த வசதி குறைந்துகொண்டே வரும்.

ஸ்பார்க் இல்லாத இன்ஜின்

டீசல் ஓடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த சிக்கல், அதைப் பற்றவைப்பது.

பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக் இருக்கும், அது தீப்பொறி கொடுக்கும். டீசல் இன்ஜினில் அது கிடையாது. காற்றை உள்ளே இழுத்து அழுத்துகிறது. அழுத்த அழுத்தக் காற்று சூடாகிறது. சைக்கிள் பம்பில் காற்றடிக்கும்போது பம்பு சூடாகுமே, அதே விஷயம்தான். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும்.

ஆக, டீசல் இன்ஜினுக்குத் தீப்பெட்டியே காற்றின் சூடுதான். இதை ஒரு கணக்காகப் பார்த்தால் நன்றாகப் புரியும். 17 மடங்கு அழுத்தும் இன்ஜினில், 30 டிகிரி காற்று உள்ளே போனால், அழுத்தி முடிக்கும்போது தோராயமாக 540 டிகிரியைத் தொடும். மைனஸ் 20 டிகிரி காற்று போனால் சுமார் 410 டிகிரிதான். வெளியே 50 டிகிரி குறைந்தால், உள்ளே 130 டிகிரி குறைகிறது.

410 டிகிரியும் டீசல் பற்றப் போதுமே என்று தோன்றலாம். இது கொஞ்சம் வெப்பம் மட்டுமே கசியும் என்று வைத்துப் போட்ட கணக்கு. நிஜத்தில் இன்ஜினின் இரும்பு முழுவதும் மைனஸ் 20-ல் உறைந்து கிடக்கிறது. அழுத்தும் காற்றின் சூட்டை அந்த இரும்பு உறிஞ்சிக்கொள்கிறது. செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் உறிஞ்ச இன்னும் நேரம் கிடைக்கிறது, பிஸ்டன் ஓரமாகக் காற்றும் கசிகிறது.

இதோடு லடாக்கின் உயரமும் சேர்ந்துகொள்கிறது. லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். சிலிண்டருக்குள் போகும் காற்றே குறைவு. குறைந்த காற்று சூட்டைச் சீக்கிரம் இழக்கும், டீசல் பற்றவும் தாமதமாகும். பீய்ச்சிய டீசல் பற்றாமல் ஆவியாக வெளியே வருவதுதான் அந்த வெள்ளைப் புகை. வெள்ளைப் புகை வருகிறது என்றால் டீசல் வருகிறது, சூடுதான் பற்றவில்லை என்று அர்த்தம். மெக்கானிக்குக்கு இது முக்கியமான துப்பு. புகையே இல்லை என்றால் டீசலே வரவில்லை.

இதனால்தான் வண்டிகளில் 'குளோ பிளக்' அல்லது காற்று உள்ளே போகும் பாதையில் ஹீட்டர் வைத்திருப்பார்கள். சாவியைப் பாதி திருப்பியதும் டேஷ்போர்டில் ஒரு சுருள் விளக்கு எரியும். அது அணையும்வரை காத்திருந்துதான் செல்ஃப் அடிக்க வேண்டும். நம்ம ஊரில் அந்த விளக்கு எரிந்த வேகத்தில் அணைந்துவிடும், அப்படி ஒன்று இருப்பதே பல பேருக்குத் தெரியாது.

பேட்டரிக்குப் பாதி உயிர், ஆயிலுக்குத் தேன் பதம்

குளோ பிளக்குக்கும் ஹீட்டருக்கும் செல்ஃபுக்கும் கரன்ட் கொடுக்க வேண்டியது பேட்டரி. கனரக லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை இணைத்து 24 வோல்ட்டாக வைத்திருப்பார்கள். பேட்டரி என்பது ஒரு வேதிவினை. குளிர்ந்தால் வேதிவினை மந்தமாகும். நன்றாக இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரியே மைனஸ் 18 டிகிரியில் தன் சக்தியில் சுமார் 40 சதவீதம்தான் தரும்.

பேட்டரி பலவீனமாகும் அதே நேரத்தில் இன்ஜினைச் சுற்றுவதும் கடினமாகிறது. காரணம் ஆயில். லாரிகளில் பரவலாக ஊற்றும் 15டபிள்யூ-40 ஆயிலில் அந்த 'டபிள்யூ' வின்டரைக் குறிக்கிறது. முன்னால் இருக்கும் எண் குறையக் குறைய ஆயில் அதிகக் குளிரைத் தாங்கும். 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியில் வைத்துத்தான் சோதிப்பார்கள். 5டபிள்யூ-க்கு மைனஸ் 30, 0டபிள்யூ-க்கு மைனஸ் 35. அதாவது லே குளிருக்கே 15டபிள்யூ ஆயில் தன் எல்லையில் நிற்கிறது. அதற்கும் கீழே போனால் பழைய தேன் மாதிரி ஆகிவிடும். ஸ்டார்ட் ஆனாலும் முதல் சில நொடிகளுக்கு பேரிங்குக்கும் டர்போவுக்கும் ஆயில் போய்ச் சேராது. அந்த நேரத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்து 'ரேஸ்' பண்ணினால் சேதம் அப்போது தெரியாது, ஆறு மாதம் கழித்துத் தெரியும்.

பேட்டரி விஷயத்தில் இன்னொன்று. ஃபுல் சார்ஜில் இருக்கும் பேட்டரி மைனஸ் 50-லும் உறையாது. சார்ஜ் இறங்கிய பேட்டரி மைனஸ் 7, 8 டிகிரியிலேயே உறையலாம். உள்ளே இருப்பது அப்போது கிட்டத்தட்ட தண்ணீர்தான். உறைந்த பேட்டரிக்கு அடுத்த வண்டியிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் பண்ணப் பார்ப்பது ஆபத்து, வெடிக்கக்கூடும். அனுபவமுள்ள டிரைவர்கள் இரவில் பேட்டரியைக் கழற்றித் தாங்கள் தூங்கும் அறைக்குள் வைத்துக்கொள்வது சும்மா இல்லை.

ரேடியேட்டர் தண்ணீர் பற்றியும் ஒரு வரி. வெறும் தண்ணீர் ஊற்றிய வண்டி உறைந்தால் இன்ஜின் பிளாக்கே விரிசல் விடும். பாதித் தண்ணீர், பாதி எத்திலீன் கிளைகால் கலந்தால் சுமார் மைனஸ் 37 வரை தாங்கும். 'தண்ணீரே வேண்டாம், முழுக்கக் கூலன்ட் ஊற்றுவோம்' என்று கெட்டிக்காரத்தனம் பண்ணினால் தப்பு. தனி கிளைகால் மைனஸ் 13-லேயே உறைந்துவிடும்.

நெருப்பு, மண்ணெண்ணெய், ஸ்பிரே: எது சரி, எது விபரீதம்?

இத்தனை சிக்கலுக்கும் டிரைவர்கள் கையில் பழைய வைத்தியங்கள் உண்டு. சில அருமையானவை, சில உயிருக்கு உலை.

டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது ரொம்பப் பழைய வழி. இதில் அறிவியல் இருக்கிறது. மண்ணெண்ணெயில் மெழுகு குறைவு, அதனால் கலவை உறையும் நிலை கீழே இறங்கும். ஆனால் எவ்வளவு? 10 சதவீதம் கலந்தால் ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கும் என்பது பொதுவான கணக்கு. 15 டிகிரி இறக்க வேண்டிய இடத்தில் இது போதாது. நிறைய கலந்தால் வேறு பிரச்சினை. டீசல்தான் பம்புக்கும் நாசிலுக்கும் மசகு. மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்பு கிடையாது, நவீன காமன் ரெயில் பம்பு தேய்ந்துவிடும். ரேஷன் மண்ணெண்ணெயை வண்டிக்கு ஊற்றுவது சட்டப்படியும் குற்றம்.

டேங்குக்குக் கீழேயும் ஆயில் சம்ப்புக்குக் கீழேயும் நெருப்பு மூட்டுவது அடுத்தது. இரண்டாம் உலகப் போரில் 1941 குளிர்காலத்தில் ரஷ்யாவுக்குள் மாட்டிக்கொண்ட ஜெர்மன் படையினர் செய்ததும் இதைத்தான். எதிர்ப்பக்கம் இருந்த சோவியத் டி-34 டாங்க்கில் டீசல் இன்ஜின். பேட்டரி கைவிட்டால், அழுத்தப்பட்ட காற்று சிலிண்டரை வைத்து அதைச் சுற்றி ஸ்டார்ட் பண்ண வசதி இருந்தது. வடிவமைப்பில் குளிரை நினைத்துப் பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் உள்ள வித்தியாசம் அது. இன்றைய லாரிக்குக் கீழே நெருப்பு வைப்பது அன்றைவிட மோசம். பிளாஸ்டிக் பைப்பும் வயரிங்கும் சென்சாரும் கையெட்டும் தூரத்தில் தொங்குகின்றன.

மூன்றாவது, ஈதர் ஸ்பிரே. காற்று இழுக்கும் இடத்தில் அடித்தால் டீசலைவிட மிகச் சுலபமாகப் பற்றிக்கொண்டு இன்ஜினை உதைத்துக் கிளப்பும். குளோ பிளக்கோ ஹீட்டரோ இருக்கும் வண்டியில் இதை அடிக்கவே கூடாது. சூடான கம்பியில் பட்டு உள்ளேயே வெடிக்கும்.

நான்காவது, இன்ஜினை ராத்திரி முழுக்க அணைக்காமல் விடுவது. இதுதான் மிகப் பரவலான வைத்தியம். வேலையும் செய்யும். ஆனால் கனரக லாரி நின்றபடி ஓடினாலே மணிக்கு சுமார் 2 முதல் 3 லிட்டர் டீசல் போகும். பத்து மணி நேரத்துக்கு 20, 30 லிட்டர். வாடகையில் மிச்சம் பிடிக்கும் டிரைவருக்கு அது சின்னக் காசு இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து புகை. சைலன்ஸர் வாயைப் பனி மூடினால் கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் ஏறும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீயில் பனியில் சிக்கிய வாகனங்களுக்குள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, சிலரின் மரணத்துக்குக் குளிரோடு இந்த வாயுவும் காரணமாகச் சொல்லப்பட்டது.

பிஎஸ்-6 வந்தபின் பழைய தந்திரம் பலிக்குமா?

பாதிக்கு மேல் பலிக்காது. 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கும் புது லாரிகள் எல்லாம் பிஎஸ்-6. புகையைச் சுத்தம் செய்ய இவற்றில் ஒரு தனி டேங்க்கில் யூரியா கரைசல் ஊற்ற வேண்டும். 32.5 சதவீத யூரியா, மீதி தண்ணீர். இது மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும். உறைந்தாலும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், பிறகு இன்ஜின் சூட்டில் அந்த டேங்க் உருகும். அதற்கான ஏற்பாடு வண்டியிலேயே உண்டு. ஆனால் டேங்க்கை விளிம்புவரை நிரப்பி வைத்தால், உறையும்போது விரிந்து உடைக்கும்.

ராத்திரி முழுக்க ஐடிலில் ஓட்டும் வைத்தியமும் இங்கே இடிக்கிறது. இன்ஜின் போதுமான சூட்டுக்கு வராமல் மணிக்கணக்கில் ஓடினால் கரி சேரும். பழைய வண்டியில் அந்தக் கரி காற்றோடு போகும், புது வண்டியில் வடிகட்டியில் படியும். பழைய வண்டியை மண்ணெண்ணெய்க் கலவையில் ஒப்பேற்றியதுபோல் இதை ஒப்பேற்ற முடியாது. புகை சுத்தமாகியிருக்கிறது, அது நல்லது. ஆனால் தப்பு செய்தாலும் தாங்கிக்கொள்ளும் குணம் வண்டியிடம் குறைந்துவிட்டது.

'சரிவில் நிறுத்தி உருட்டி ஸ்டார்ட் பண்ணலாமே' என்பவர்களுக்கு: கனரக லாரியில் இருப்பது ஏர் பிரேக். ஸ்பிரிங் பிரேக்கை விடுவிக்கவே காற்றழுத்தம் வேண்டும். இரவில் காற்று கசிந்து இறங்கிவிட்டால், இன்ஜின் ஓடிக் காற்றை நிரப்பும்வரை சக்கரம் அசையாது. இன்ஜின் ஓட வண்டி உருள வேண்டும், வண்டி உருள இன்ஜின் ஓட வேண்டும். காற்று டேங்க்கில் சேரும் தண்ணீரை வடிக்காமல் விட்டால் அதுவும் உறைந்து பைப்பை அடைக்கும். ஈரத்தோடு ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தினால் பிரேக் லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

கனடாவிலும் அலாஸ்காவிலும் வண்டியின் முன்பக்கம் ஒரு கரன்ட் பிளக் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். மின்சாரக் கார் என்று நினைக்க வேண்டாம். இன்ஜின் பிளாக்கைச் சூடாக வைக்கும் ஹீட்டரின் வயர் அது. பார்க்கிங்கில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பிளக் பாயின்ட். இரவில் செருகிவிட்டால் காலையில் இன்ஜினுக்குக் கோடைக்காலம்தான். ஆயிலும் இளகியிருக்கும், சிலிண்டரும் சூடாக இருக்கும், பேட்டரிக்கும் வேலை பாதி.

மின்சாரம் கிடைக்காத இடத்தில், டேங்கில் இருக்கும் டீசலையே கொஞ்சமாக எரித்துக் கூலன்ட்டைச் சூடாக்கும் சின்ன ஹீட்டர்கள் உள்ளன. இன்ஜின் ஐடிலில் குடிப்பதில் சிறு பங்கு டீசல்தான் இதற்குச் செலவாகும். மைனஸ் 50-ஐத் தொடும் ரஷ்யாவின் யாகுட்ஸ்க் பகுதியில் இன்ஜினுக்குக் கம்பளி போர்த்துவார்கள், கண்ணாடியை இரட்டையாகப் போடுவார்கள், வெப்பமூட்டிய கராஜில் நிறுத்துவார்கள். அங்கே விற்பதும் ஆர்க்டிக் ரக டீசல்தான்.

இதில் எதுவுமே பெரிய தொழில்நுட்பம் அல்ல. நம் ராணுவத்தின் ஸ்டாலியன் லாரிகள் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்டின் வடிவமைப்பு. அவை பல ஆண்டுகளாக இதே மலைச்சாலைகளில் ஓடுகின்றன. ராணுவத்துக்கு ஒர்க்‌ஷாப்பும் மெக்கானிக்கும் கூடவே வருகிறார்கள். தனியார் லாரி டிரைவருக்கு ஒரு கிளீனர் இருந்தால் பெரிது.

மேலே போகும் டிரைவர் என்ன செய்யலாம்?

உண்மையில் காலை ஸ்டார்ட் என்பது முந்தின நாள் சாயங்காலமே தீர்மானமாகிவிடுகிறது. சமவெளி டீசலை டேங்கில் குறைத்துக்கொண்டு, மலையடிவாரத்துக்கு மேலே குளிர்கால டீசல் கிடைக்கும் பங்க்கில் நிரப்பிக்கொள்வது முதல் வேலை. பிறகு அந்த டீசல் ஃபில்டர்வரை வந்துசேரக் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். டேங்கில் புது டீசலும் பைப்பில் பழைய டீசலும் இருந்தால் காலையில் அதே கதைதான். நிறுத்தும் முன் டேங்க் நிறைந்திருப்பது நல்லது, காலி இடத்தில் ஈரம் படிந்து தண்ணீராகி உறையும். ஃபில்டருக்குக் கீழே இருக்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். ஸ்பேர் ஃபில்டர் ஒன்று கேபினுக்குள், சூடான இடத்தில் இருக்கட்டும்.

முகப்பு காற்றுக்கு எதிராக இல்லாமல் நிறுத்த வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். காலையில் ஹீட்டர் விளக்கு அணைந்தபின், தேவைப்பட்டால் இரண்டாவது முறையும் எரியவிட்டு, கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். கிளட்சை மிதித்தால் கியர்பாக்ஸில் உறைந்த ஆயிலையும் சேர்த்துச் சுற்றும் பாரம் செல்ஃபுக்கு மிச்சம். 30 நொடிக்கு மேல் தொடர்ந்து அடிக்கக் கூடாது. இரண்டு நிமிடம் விட்டு மறுபடி. ஸ்டார்ட் ஆனதும் ஆயில் பிரஷர் ஏறும்வரை ஆக்ஸிலேட்டரில் கால் வைக்கக் கூடாது. ஃபில்டரில் டீசல் உறைந்துவிட்டால், நெருப்புக்குப் பதில் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றுவது எளிய வழி. லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், அந்தச் சூடு மெழுகை இளக்கத் தாராளம்.

அடுத்து என்ன?

ஸோஜிலாவுக்குக் கீழே சுமார் 13 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு சுரங்கம் கட்டப்பட்டு வருகிறது. அது திறந்தால் கணவாய் மூடும் பேச்சே இருக்காது, ஜனவரியிலும் பிப்ரவரியிலும் லாரிகள் தொடர்ந்து திராஸ் பக்கம் இறங்கும். சுரங்கத்தின் நீளம், செலவு, எத்தனை மணி நேரம் மிச்சம் என்பதெல்லாம் நிறையப் பேசப்படுகின்றன. அந்தப் பக்கம் இறங்கும் லாரி இரவில் எங்கே நிற்கும், அங்கே செருக ஒரு பிளக் பாயின்ட் இருக்குமா, டிரைவர் படுக்க இன்ஜினை ஓடவிடாத ஒரு சூடான அறை இருக்குமா என்ற பேச்சு அந்த அளவுக்குக் காதில் விழுவதில்லை.